மறு: டயரின் பாரக் கணக்குக்கு ‘சுமைத்திறன்’ வேண்டாம், ‘தாங்குவரம்பு’ என்போம்

அனைவருக்கும் வணக்கம். டயர், டிரெயிலர் தொடர்பான சொற்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு இது என் பதில். நீங்கள் எழுதியதை மேற்கோளாக வைத்துக் கீழே பதில் சொல்கிறேன்.

> டயர், அச்சு, வண்டி மூன்றுக்கும் ‘சுமைத்திறன்’ என்ற ஒரே சொல் போதும். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி என் மைத்துனர் ஒரு தப்பான முடிவுக்குப் போக இருந்தார். அதைச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

அவர் இருப்பது மிச்சிகனில். ஏரியில் மீன்பிடிக்கப் பழைய படகு ஒன்றும், அதைக் காருக்குப் பின்னால் இழுத்துப்போக ஒற்றை அச்சு டிரெயிலரும் வாங்கினார். அதில் இருந்தவை எஸ்டி175/80ஆர்13 அளவு டயர்கள், ‘சி’ வகை (எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்து அது). ஒரு டயர் 1,360 பவுண்ட், அதாவது 617 கிலோ தாங்கும். அதற்குப் பதில் எஸ்டி205/75ஆர்14 போடலாம் என்று பார்த்தார். அதே ‘சி’ வகையில் ஒன்று 798 கிலோ, இரண்டும் சேர்ந்து 1,596 கிலோ. “டிரெயிலரோட சுமைத்திறன் கூடிடும், அடுத்த வருஷம் பெரிய படகா வாங்கிடலாம்” என்றார்.

கேட்கும்போது சரியாகத்தான் பட்டது. ஆனால் டிரெயிலரில் அடித்திருந்த தகட்டில் மொத்த எடை 2,650 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. ஏறத்தாழ 1,200 கிலோ. டிரெயிலர், படகு, எஞ்சின், பெட்ரோல், பேட்டரி, தூண்டில் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டயரை மாற்றினால் சேசிஸோ ஸ்பிரிங்கோ கொக்கியோ மாறுவதில்லை. அச்சும் 1,588 கிலோ தாங்கும் அதே பழைய அச்சுதான்.

‘திறன்’ என்றாலே வளர்க்கலாம், கூட்டலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ‘வரம்பு’ என்றால் அப்படி வராது. யாழ்ப்பாணத்தில் வயல் வரப்பையே வரம்பு என்பார்கள். ஒரு பக்கம் எவ்வளவு மண் வெட்டிப் போட்டு உயர்த்தினாலும், தாழ்ந்த இடத்தில்தான் தண்ணீர் உடைத்துக்கொண்டு போகும். இந்தக் கணக்கும் அதே மாதிரிதான். அதனால் டயர்த் தாங்குவரம்பு, அச்சுத் தாங்குவரம்பு, வண்டித் தாங்குவரம்பு என்று மூன்றாகப் பிரிப்போம். ‘சுமை’ என்பதை உண்மையில் ஏற்றிய எடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

> தகட்டில் உள்ளதை ‘மொத்த எடை’ என்றே சொல்லலாமே?

இதுவும் சிக்கல்தான் அம்மா. எடைமேடையில் ஏற்றினால் வருவதுதான் மொத்த எடை. தகட்டில் இருப்பது அதற்கான எல்லை. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் ஒன்றோடு ஒன்றை எப்படி ஒப்பிடுவது?

அப்புறம் அந்த ‘சி’ எழுத்து. முன்பு ‘அடுக்குத் தரம்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். பருத்தி நூல் அடுக்குகளை எண்ணிய காலத்துக்கு அது பொருந்தும். அந்தக் கணக்கில் ‘சி’ என்றால் ஆறு அடுக்கு. ஆனால் இப்போது ‘சி’ டயருக்குள் உண்மையில் ஆறு அடுக்கு இருக்க வேண்டியதில்லை. ‘தாங்குவகை’ போதும். விளக்கத்தில் காற்றழுத்தத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன 617 கிலோ என்பது டயர் குளிர்ந்திருக்கும்போது 50 பிஎஸ்ஐ காற்று இருந்தால்தான். அதே டயரில் 35 பிஎஸ்ஐ வைத்தால் வரம்பு 499 கிலோவுக்கு இறங்கிவிடும். பக்கச்சுவரில் சில டயர்களில் வரும் 91, 100 போன்ற எண்களுக்கு ‘தாங்கு குறியெண்’ என்கிறேன். 91 என்றால் 615 கிலோ, 100 என்றால் 800 கிலோ. ‘குறி’ என்று இருந்தால்தான் அதையே கிலோ என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

‘அச்சு’க்குப் பதில் ‘இருசு’ என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அச்சுத்தொழிலோடு குழம்பாது. ஆனால் இன்று எத்தனை பேருக்குப் புரியும் என்ற தயக்கம் உண்டு. இப்போதைக்கு அச்சு இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மைத்துனரின் டிரெயிலரில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 38 மில்லிமீட்டர்தான் இருந்தது. அவர் பார்த்த எஸ்டி205/75ஆர்14 டயர் பழையதைவிட உயரம், அதனால் அதில் 26 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். மீதி 12. ஒரு சுண்டுவிரல் நுழையும், அவ்வளவுதான். படகோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் அமுங்கினால் டயர் தகரத்தில் உரசிக் கிழியும். கடைசியில் பழைய அளவிலேயே புது டயர் வாங்கிப் போட்டார். உரசாமல் இருக்க விடும் அந்த இடத்தை வெறும் ‘இடைவெளி’ என்று எழுத மனம் வரவில்லை. மாட்டுவண்டி செய்யும் ஆசாரிகள் சக்கரத்துக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே விடும் இடத்துக்கு ஏதாவது பெயர் வைத்திருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்.