முடக்கு வாதத்துக்கு டோஃபாசிட்டினிப் சாப்பிடுகிறவர்கள் சொல்லுங்களேன்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற என் அக்காவுக்கு முடக்கு வாதம். விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டியவள். எழுந்து ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, கத்தியைப் பிடிக்க முடியாது. வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட், கூடவே ஃபோலிக் ஆசிட். விடாமல் சாப்பிட்டும் மணிக்கட்டு வீக்கம் வற்றவில்லை.

இப்போது டோஃபாசிட்டினிப் சேர்க்கலாம் என்கிறார் டாக்டர். நம் மூட்டையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற ஜேஏகே நொதிகளைத் தடுக்கும் மாத்திரை அது. தொடங்குமுன் காசநோய் பரிசோதனை அவசியம். சரி, அதைச் செய்துவிடலாம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இதைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறீர்களா? மாதம் எவ்வளவு ஆகிறது? ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் கிடைக்குமா, திருவனந்தபுரம்தான் போகணுமா? மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெய் தேய்க்கச் சொல்லாதீர்கள். வீக்கம் அடங்காவிட்டால் எலும்பு அரிக்கும், அரித்தது திரும்பாது.