பாளை வீடு குழு: மறைந்த தாத்தாவின் பூனை மணியன் ஏன் அழுகிறான்

வியாழன்

வள்ளி சித்தி (காலை 6:40): ராத்திரி முழுக்க மணியன் ஒரே அழுகை. மாமா கட்டிலில் ஏறி உட்கார்ந்து கத்துகிறது. ஆச்சியும் தூங்கவில்லை.

செல்வி அத்தை: அப்பா நினைப்புதான். வாயில்லா ஜீவன் 😢

முருகன் பெரியப்பா: வீட்டில் பூனை அழக் கூடாது. பதினாறு முடியும் வரை எங்காவது கொண்டு விடுங்கள். ஞாயிறு 150 பேர் வருகிறார்கள்.

கார்த்தி: பெரியப்பா, அது தாத்தா வளர்த்தது

முருகன் பெரியப்பா: தெரியும்டா. கட்டிலில் ஒன்றுக்குப் போகிறதாமே?

வள்ளி சித்தி: ஆமாம் அத்தான். 7 வருடத்தில் ஒரு நாளும் செய்ததில்லை. வேண்டுமென்றே செய்கிற மாதிரி இருக்கிறது.

யாழினி: சித்தி, பூனை வீம்புக்கு அப்படிச் செய்யாது. அதற்கு வீடு என்றால் வாசனைதான். கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலையிலும் நம் காலிலும் உரசி உரசி, இது என் இடம் என்று பூசி வைக்கிறது. தாத்தாவைக் கொண்டுபோன அன்று வீடு முழுக்கக் கழுவி விட்டோம். மெத்தை உறை மாற்றினோம். சாய்வு நாற்காலியையும் காணோம். மணியனுக்கு ஒரே நாளில் வீடே மாறிப்போயிற்று. அப்புறம் பினாயில் வேண்டாம், பூனைக்கு விஷம்.

செல்வி அத்தை: நாற்காலி எங்கே போனது? நானும் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

முருகன் பெரியப்பா: பாலிஷ் போடக் கொண்டு வந்திருக்கிறேன்.

செல்வி அத்தை: பதினாறுக்கு முன்னாலேயா அண்ணன்?

வள்ளி சித்தி: சமையல்காரர் முன்பணம் கேட்கிறார்

முருகன் பெரியப்பா: போன தடவை காதுகுத்துக்கும் நான்தான் கொடுத்தேன்.

செல்வி அத்தை: அந்தக் கணக்கு இப்போது எதற்கு

யாழினி: ஒரு நிமிடம். கார்த்தி, அவன் வழக்கமாக எங்கே போவான்?

கார்த்தி: பின்வாசல் முருங்கை மரத்தடி மண்ணில். சமையல் சாமான் இறக்கியதால் செவ்வாயில் இருந்து கதவு பூட்டி இருக்கிறதுக்கா

யாழினி: கட்டிலில் ஈரம் எவ்வளவு?

கார்த்தி: ஒரு ரூபாய்க் காசு அளவுதான். லேசாகச் சிவப்பு. இப்போது குளியலறை மூலையில் குந்தி முக்குகிறான். காலையில் இருந்து 8, 9 தடவை இருக்கும். ஒன்றும் வரவில்லை

வள்ளி சித்தி: பால் வைத்தேன், தொடவில்லை. ஆனால் மடியில் வைத்தால் குர்குர் என்கிறதே? நன்றாகத்தானே இருக்கிறது?

யாழினி: சித்தி, வலி இருந்தாலும் பூனை குர்குர் என்னும். இது சிறுநீர் அடைப்பு மாதிரி இருக்கிறது. ஆண் பூனைக்குக் குழாய் ரொம்பக் குறுகல். பயமும் மாற்றமும் சேர்ந்தால் சிறுநீர்ப்பை புண்ணாகும், சளியும் துகளும் திரண்டு அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் என்ற உப்பு வெளியேறாமல் இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இப்போதே இராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். நம் காய்ச்சல் மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

முருகன் பெரியப்பா: இவ்வளவு அவசரமா?

யாழினி: ஆமாம் பெரியப்பா. நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் இந்த மாதம் நானே இப்படி 2 பூனை பார்த்தேன். ஒன்று தாமதமாக வந்தது. பிழைக்கவில்லை.

முருகன் பெரியப்பா: கார் அனுப்புகிறேன். கார்த்தி வாசலில் நில்.

செல்வி அத்தை: சமையல்காரருக்கு நான் போட்டுவிடுகிறேன், விடுங்கள்

கார்த்தி (மதியம் 12:15): மயக்க ஊசி போட்டுக் குழாய் விட்டார்கள். ஒரு டம்ளருக்கு மேல் வந்தது, எல்லாம் சிவப்பு. டிரிப்ஸ் ஏறுகிறது. 2 நாள் இருக்க வேண்டுமாம்

வள்ளி சித்தி: முருகா 🙏 நான் வேண்டுமென்றே செய்கிறது என்று திட்டிவிட்டேன்

யாழினி: உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தி. கார்த்தி, அவன் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மெதுவாக மூடித் திற. முறைத்துப் பார்க்காதே. 2020இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்த முறை இது. அப்படிச் சிமிட்டியவர் கையை நீட்டினால் பூனைகள் கூடுதலாகக் கிட்டே வந்தன. அப்புறம் தாத்தா வாசனை உள்ள துணி ஏதாவது வேண்டும், துவைக்காதது.

வள்ளி சித்தி: எல்லாம் ஆற்றில் போட்டாயிற்றே

கார்த்தி (மாலை 4:05): ஆச்சி தலையணைக்குள் இருந்து தாத்தாவின் ஈரிழைத் துண்டை எடுத்துத் தந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லையாம். மணியன் முகத்தை அதில் புதைத்துக்கொண்டான். இப்போதுதான் கத்தலை நிறுத்தினான்

செல்வி அத்தை: அம்மா…

யாழினி: துண்டு அங்கேயே இருக்கட்டும். வந்ததும் தண்ணீர் நிறைய வேண்டும், ஈரச் சாப்பாடுதான். ஞாயிறு மாடி அறையில் மணல் தட்டு வைத்து, கதவைச் சாத்தி விடலாம். நாற்காலியையும் அங்கே போட்டால் நல்லது.

முருகன் பெரியப்பா: பாலிஷ்காரன் இன்னும் தொடவில்லை. பார்க்கிறேன்.

செல்வி அத்தை: பார்க்கிறேன் என்றால்?

கார்த்தி: பதினாறுக்குப் பிறகு மணியன் யாரிடம் இருப்பான்? ஆச்சி திருச்சிக்குப் போவது உறுதியா?

வள்ளி சித்தி: அதை நேரில் பேசுவோம்

முருகன் பெரியப்பா: வடை 300 போதுமா, இல்லை 350 சொல்லவா?