பிரிட்ஜ் மோடில் சொந்த ரவுட்டர் இணையவில்லை, உதவுங்கள்

வணக்கம். ஃபைபர் இணைப்போடு தந்த பெட்டியின் வைஃபை பின்னறை வரை எட்டாததால் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கினேன். பெட்டியின் லேன் (LAN, வீட்டுக்குள் இணைக்கும்) போர்ட்டிலிருந்து ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணையம் வரும்) போர்ட்டுக்குக் கேபிள் செருகியதும் நெட் வந்தது. ஆனால் இரட்டை நாட் (NAT, பெட்டியும் ரவுட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றுவது) ஆகிவிட்டது, அதனால் வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை.

சரி என்று பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (பெட்டி ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறை) மாற்றி, பிபிபிஓஇ (PPPoE, இணைய நிறுவனத்தில் உள்நுழையும் முறை) பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ரவுட்டரில் போட்டேன். எம்டியு (MTU, ஒரு தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492. ஃபைபர் விளக்கு பச்சையாகத்தான் எரிகிறது, ரவுட்டர் மட்டும் இணையாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே விவரங்களைப் பெட்டியில் போட்டால் உடனே இணைகிறது.

எனக்கு வி-லேன் (VLAN, ஒரே கம்பியில் போக்குவரத்தைப் பிரிக்கும் எண்) மேல்தான் சந்தேகம். பெட்டியில் இருந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். அதை எங்கே போட வேண்டும், பெட்டியிலா ரவுட்டரிலா? இல்லை, பெட்டியின் மேக் முகவரியை (MAC, கருவியின் அடையாள எண்) ரவுட்டரில் குளோன் (நகல்) செய்ய வேண்டுமா? வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "அணைத்துப் போடுங்கள்" என்பதைத் தாண்டவே மாட்டேன் என்கிறார்கள்.

அப்புறம், பெட்டியின் வேன் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. இது சிஜிநாட் (CGNAT, நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்வது) என்றால் பிரிட்ஜ் செய்தும் கேமரா தெரியாதோ?