வெட்டிய வீடியோவால் திட்டு வாங்குகிறேன், வருமானமும் போகிறது: விளக்கம் கொடுப்பதா, பேசாமல் இருப்பதா?

காலைப்பயிற்சி:

வணக்கம். உடற்பயிற்சி சொல்லித்தரும் யூடியூப் சேனல் நடத்துகிறேன். முழுநேர வேலையே இதுதான், வீட்டுச் செலவு முழுக்க இதில்தான் ஓடுகிறது. போன வாரம் லைவில் ஒருவர் அனுப்பிய கேள்வியை வழக்கம்போலச் சத்தமாக வாசித்தேன்: "குண்டாக இருப்பவர்கள் எல்லாம் சோம்பேறிகள், இதை ஏன் நேரடியாகச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?" அப்படி இல்லை, தைராய்டு, சில மாத்திரைகள், தூக்கக் குறைவு, மன அழுத்தம் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு என்று பிறகு விரிவாகவே பதில் சொன்னேன். யாரோ அதில் முதல் நாலு வார்த்தையை மட்டும் வெட்டி, என் முகத்தைப் பெரிதாக்கி, மேலே "எவ்வளவு திமிர்" என்று எழுதிப் போட்டுவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அது இன்னொருவர் கேட்ட கேள்வி என்றே தெரியாது.

இப்போது பழைய வீடியோக்களில்கூட வந்து திட்டுகிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலிப் பயிற்சி சொல்லிக்கொடுத்த ஒரு வீடியோ இருக்கிறது, அதற்குக் கீழே அம்மாவைப் பற்றி எழுதியிருப்பதை என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை. விளம்பரம் பேசி முடித்திருந்த நிறுவனம் "தற்காலிகமாக நிறுத்திவைக்கிறோம்" என்று மெயில் அனுப்பிவிட்டது. ஒரு மன்னிப்பு வீடியோ போட்டால் முடிந்துவிடும் என்கிறார்கள் தெரிந்தவர்கள். சொல்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? இதில் சம்பாதிக்கிறவர்கள், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எடிட்டிங்மேசை:

மன்னிப்புக் கேட்காதீர்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால் அந்தத் துண்டு வீடியோ சொல்வது உண்மை என்று நீங்களே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும், நாளைக்கு அந்த மன்னிப்பையும் வெட்டிப் போடுவார்கள்.

லைவை அழிக்கவோ பிரைவேட் ஆக்கவோ வேண்டாம், இது ரொம்ப முக்கியம். உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். கேள்வியை வாசிக்கத் தொடங்கிய நிமிடத்தைக் குறிப்பிட்டு, "வாசித்தது பார்வையாளர் அனுப்பிய கேள்வி, என் பதில் இங்கிருந்து தொடங்குகிறது" என்று இரண்டே வரியில் ஒரு கமெண்ட் எழுதி, எப்போதும் முதலில் தெரியும்படி மேலே பின் (pin) செய்யுங்கள். நேரத்தைத் தட்டினால் நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். தனி விளக்க வீடியோ இப்போதைக்கு வேண்டாம், அது விஷயமே தெரியாதவர்களிடமும் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தத் துண்டை நீங்களே பகிர்ந்து கோபமாகப் பதில் எழுதுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

கமெண்ட் விஷயத்துக்கு: அமைப்புகளில் தடைசெய்த சொற்கள் பட்டியல் இருக்கிறது, திரும்பத் திரும்ப வரும் வசைச்சொற்களை அதில் போடுங்கள். ரொம்ப மோசமாக எழுதுபவரைச் சேனலிலிருந்து மறைத்துவிட்டால் அவர் எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியாது, அவருக்கும் அறிவிப்பு எதுவும் போகாது. அம்மா வீடியோவில் கமெண்டையே மூடிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். மிரட்டல் என்று ஏதாவது வந்தால் மட்டும் அழிப்பதற்கு முன் இணைப்போடு படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் கொடுக்கத் தேவைப்படும். முடிந்தால் கொஞ்ச நாளைக்கு இதையெல்லாம் நம்பிக்கையான வேறு ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மழைக்காலம்:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் ஒரு விஷயம். வருகிற கமெண்ட் எல்லாவற்றையும் ட்ரோல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உடல் எடையால் வாழ்நாள் முழுக்கக் கேலியைக் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்தத் துண்டைப் பார்த்திருந்தால் அவருக்கு உண்மையாகவே வலித்திருக்கும். நானும் அப்படி வளர்ந்தவள்தான். "உங்கள் பயிற்சியைத் தினமும் செய்தேன், இதைக் கேட்டு மனசு விட்டுப்போச்சு" என்று எழுதுபவருக்கும் "செத்துப்போ" என்று எழுதுபவருக்கும் வித்தியாசம் உண்டு. முதல் ஆளுக்குப் பதில் எழுதுங்கள். "நான் சொன்னது இது இல்லை, ஆனால் அதைக் கேட்டு உங்களுக்கு வலித்தது எனக்குப் புரிகிறது, முழுதாகப் பாருங்கள்" என்று சொல்வது மன்னிப்பு ஆகாது.

கூட்டம் இவ்வளவு வேகமாகச் சேர்வதற்கு உங்கள் மேல் உள்ள வெறுப்பு மட்டுமே காரணம் இல்லை. எந்தப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்வதில், 2017-ல் ஃபேஸ்புக் கோபக் குறிக்கு லைக்கைவிட 5 மடங்கு மதிப்புக் கொடுத்து வைத்திருந்தது, 2020-ல்தான் அதைப் பூஜ்யமாக்கினார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டர் பதிவுகளை வைத்துச் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்விலும், ஆத்திரமாக எழுதி லைக்கும் பகிர்வும் வாங்கியவர்கள் அடுத்தடுத்து இன்னும் ஆத்திரமாக எழுதப் பழகுகிறார்கள் என்று தெரிந்தது. உங்கள் வீடியோவை வெட்டியவருக்கும் பார்வை எண்ணிக்கைதான் பிழைப்பாக இருக்கலாம். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது, இன்னொருத்தர் சோற்றில் மண்ணைப் போட்டுச் சம்பாதிப்பது எந்த ஊர் நியாயம்?

கணக்குப்பிள்ளை:

வருமானத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நீண்ட வீடியோவில் விளம்பர வருவாயில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸில் 45. ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாதம் 21 தேதிக்கு மேல்தான் கைக்கு வரும். அதனால் இப்போது வரப்போகும் தொகையைப் பார்த்து "பாதிப்பு இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை நடக்கும்போது பார்வைகள் ஏறக்கூடச் செய்யும், ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பயிற்சி செய்ய நிற்க மாட்டார்கள். உண்மையான அடி விழுவது விளம்பர ஒப்பந்தத்தில்தான்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நற்பெயருக்குக் களங்கம் வந்தால் ரத்து செய்யலாம் என்று ஒரு விதி பெரும்பாலும் இருக்கும். புதிது இல்லை, 1921-ல் ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிள் மேல் வந்த வழக்குக்குப் பிறகு யுனிவர்சல் படநிறுவனம் நடிகர் ஒப்பந்தங்களில் சேர்த்ததிலிருந்தே இருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் "சர்ச்சை எழுந்தால்" என்று பொதுவாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், நீங்கள் உண்மையாகச் செய்த செயலுக்கு மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வந்தே ஆக வேண்டும் என்றும் சேருங்கள். மாற்றிக் கொடுக்கிறார்கள், கேட்பதுதான் குறைவு. அந்த நிறுவனத்துக்கு இன்றே லைவ் இணைப்பும் நிமிடக் குறிப்பும் அனுப்புங்கள், அவர்கள் "நிறுத்திவைக்கிறோம்" என்றுதானே எழுதியிருக்கிறார்கள், ரத்து என்று இல்லையே.

அப்புறம், யூடியூப்பை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 2017 மார்ச்சில் தீவிரவாத வீடியோக்களில் தங்கள் விளம்பரம் ஓடியதைப் பார்த்துப் பெரிய நிறுவனங்கள் விலகியபோது, சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேருக்கு வருமானம் சரிந்தது. மாதச் சந்தா, கட்டண வகுப்பு என்று நேரடியாகப் பணம் கொடுக்கும் ஆட்கள் கொஞ்சம் பேர் இருந்தாலே தெம்பு. உங்களை முழுதாகப் பார்த்தவர்கள் அவர்கள், ஒரு துண்டைப் பார்த்து ஓட மாட்டார்கள். ஆனால் பணம் பத்திரமாக இருந்தால் மனசும் பத்திரமாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க யூடியூபர் லிண்ட்சே எல்லிஸுக்கு, ரசிகர்கள் மாதாமாதம் நேரடியாகப் பணம் கொடுக்கும் பேட்ரியான் தளத்தில் பெரிய ஆதரவு இருந்தது, 2021 மார்ச்சில் ஒரு ட்வீட்டுக்கு வந்த எதிர்ப்புக்குப் பிறகு அந்த வருடக் கடைசியில் விலகுவதாகவே அறிவித்துவிட்டார். பிறகுதான் திரும்பி வந்தார்.

காலைப்பயிற்சி:

எல்லோருக்கும் நன்றி. கமெண்டைப் பின் செய்துவிட்டேன், அம்மா வீடியோவில் மூடியும்விட்டேன். நிறுவனத்துக்கு அனுப்பினேன், முழுப் பதிவையும் கேட்டிருக்கிறார்கள். மழைக்காலம் சொன்ன மாதிரி சிலருக்குப் பதில் எழுதினேன், இரண்டு பேர் லைவை முழுதாகப் பார்த்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அடுத்த லைவை நிறுத்த எனக்கு விருப்பமில்லை, கேள்விகளை இனி எப்படி வாசிப்பது என்றுதான் தெரியவில்லை. வாசிக்காமல் பதில் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது.

எடிட்டிங்மேசை:

வாசியுங்கள். ஆனால் வாசிக்கத் தொடங்கும் முன்பே கேள்வியைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள், மேலே "பார்வையாளர் கேள்வி" என்று பட்டை இருக்கட்டும், பதில் முடியும்வரை எடுக்காதீர்கள். ஓரத்தில் வேண்டாம், ஓரத்தில் இருந்தால் நறுக்கிவிடலாம். முகத்துக்குக் கீழே, கழுத்தை ஒட்டி வரும்படி வையுங்கள். லைவ் நடத்தும் மென்பொருள் எதிலும் இதைச் செய்யலாம், எது பயன்படுத்துகிறீர்கள் என்று சொன்னால் அமைப்பைப் படமாகப் போடுகிறேன்.