பல்லைக் கடித்தால் புடைக்கும் கன்னம்: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

தங்கைக்கு இடது கன்னத்தில், காதுக்குச் சற்று முன்னால் வீக்கம். வலி இல்லை. அம்மா பார்த்ததுமே பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டி, கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டார். அதுவாக இருந்தால் வாரம் பத்து நாளில் வடிந்திருக்கும். வடியவில்லை. கடைவாய்ப் பல் சொத்தை, உமிழ்நீர்ச் சுரப்பியில் கல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் வெறும் ரத்தம்தான் வந்தது.

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர், "பல்லை இறுக்கிக் கடிம்மா" என்றார். வீக்கம் எடுப்பாகத் தெரிந்தது. தலையைக் குனிந்தபோது இன்னும் பெருத்தது. எம்ஆர்ஐ எடுத்ததில், மெல்லும் தசையான மாசெட்டருக்குள் ரத்தக்குழாய்க் கட்டி. இன்ட்ராமஸ்குலர் ஹீமாஞ்சியோமாவாம். புற்றுநோய் இல்லை என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. ஆபரேஷனா, ஊசி மருந்தா என்று இன்னும் முடிவாகவில்லை. யாருக்காவது வந்திருக்கிறதா?

—

எனக்கும் அதே தசையில்தான். பெரிதாகிக்கொண்டே போனதால் அறுத்து எடுத்தோம். முகநரம்பின் கிளைகள் அந்தத் தசைமேல்தான் ஓடுகின்றன. என் பயமெல்லாம் அதுதான். கட்டியோடு சுற்றியுள்ள தசையிலும் கொஞ்சம் சேர்த்து எடுத்தார்கள், மிச்சம் வைத்தால் திரும்ப வருமாம். சில வாரம் சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணிற்று, அப்புறம் சரியாகிவிட்டது. தழும்பை நானே தேடித்தான் பார்க்க வேண்டும். தங்கையிடம் சொல்லுங்கள், சகோ.

—

ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாசெட்டர்தான் தலை, கழுத்துப் பகுதியில் இது அதிகம் வரும் இடம். கழுத்துப் பின்புறத்து டிரபீசியஸ் தசையிலும் வரும். சிலருக்கு சிடி ஸ்கேனில் மிளகு மாதிரி உருண்டையான சுண்ணாம்புக் கற்கள் தெரியும். அவை கட்டிக்குள் உறைந்த ரத்தம் இறுகியவை. உமிழ்நீர்க் கல் என்று குழம்புவது அதனால்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பச்சைக் குழந்தைகளின் தோலில் வரும் சிவப்பு ஹீமாஞ்சியோமா வயது ஏற ஏறச் சுருங்கும், புரோப்ரனலால் என்ற மருந்துக்கும் கேட்கும். இணையத்தில் கிடைப்பதில் பாதி அதைப் பற்றித்தான். தசைக்குள் வரும் இது தானாக மறையாது. இந்தப் பெயரில் வரும் பல கட்டிகளை இப்போது சிரைகளின் பிறவிக் கோளாறு என்றே வகைப்படுத்துகிறார்கள். அப்படியானால் கட்டிக்குள் ஊசி மருந்து செலுத்திச் சுருக்கும் ஸ்க்லெரோதெரபிக்கும் வாய்ப்புண்டு. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கொண்டுபோய், ரத்தக்குழாய்க்குள் ஊசி சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள்.