கீற்றணியில் சிவப்பு அதிகம் விலகுகிறது, முப்பட்டகத்தில் ஊதா. ஏன் இப்படித் தலைகீழாக?

பிஎஸ்சி_முதலாண்டு

வணக்கம். இந்த வாரம் ஆய்வகத்தில் நிறமாலைமானியில் (நிறங்கள் விலகும் கோணத்தை அளக்கும் கருவி) கீற்றணியை, அதாவது நெருக்கமாகக் கோடுகள் கிழித்த கண்ணாடியை வைத்துப் பாதரச விளக்கைப் பார்த்தோம். நேராகப் பார்த்தால் கருவியில் ஒளி நுழையும் பிளவின் பிம்பம் விளக்கின் நிறத்திலேயே, வெளிர்நீலம் கலந்த வெள்ளையாகத் தெரிந்தது. தொலைநோக்கியை மெல்ல நகர்த்தினால் முதலில் ஊதா, அப்புறம் நீலம், பச்சை, கடைசியில் ஒட்டினாற்போல் இரண்டு மஞ்சள் கோடுகள். போன மாதம் முப்பட்டகத்தில் செய்தபோது ஊதாதான் கடைசியில் இருந்தது, அதே நினைப்பில் ரெக்கார்டில் அட்டவணையை மாற்றி எழுதிவிட்டேன்.

சூத்திரம் தெரியும்: கோடுகளுக்கு இடையிலான தூரம் × சைன் கோணம் = வரிசை எண் × அலைநீளம். எண்களைப் போட்டால் விடை வருகிறது. ஆனால் கண்ணாடியில் நெருக்கமாகக் கோடு கிழித்தால் நிறம் ஏன் பிரிய வேண்டும்? பச்சைக்கு இந்தக் கோணம், மஞ்சளுக்கு அந்தக் கோணம் என்று எது முடிவு செய்கிறது? வைவாவுக்காக மட்டும் கேட்கவில்லை, நிஜமாகவே புரிந்துகொள்ள வேண்டும்.

கதிர்_வேலூர்

அலைநீளம் அதிகமுள்ள ஒளி விளிம்பில் அதிகமாக வளையும் தம்பி. சிவப்புக்கு அலைநீளம் அதிகம், அதனால் அதிகம் விலகுகிறது. முப்பட்டகத்தில் நடப்பது ஒளிவிலகல், கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஊதாவுக்குத்தான் அதிகம். இரண்டும் வேறு வேறு விஷயம்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

கதிர் சொன்னதில் முப்பட்டகப் பகுதி சரி. முதல் பகுதியைத்தான் கொஞ்சம் திருத்த வேண்டும், ஏனென்றால் பல மாணவர்கள் சறுக்கும் இடமே அதுதான். கீற்றணியில் கோடுகளுக்கு நடுவே ஒளி புகும் இடைவெளிகள்தான் பிளவுகள். ஒவ்வொரு பிளவும் தனித்தனியாக நிறங்களைப் பிரிப்பதில்லை. மிகக் குறுகிய ஒரு பிளவு, தன் மேல் விழும் எல்லா நிறத்தையும் எல்லாப் பக்கமும் விசிறியடிக்கும். கீற்றணியில் ஆயிரக்கணக்கான பிளவுகள் அப்படி விசிறுகின்றன. எந்தத் திசையில் எந்த நிறம் மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு திசையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திசையில் போகும்போது ஒவ்வொரு பிளவின் அலையும் பக்கத்துப் பிளவின் அலையைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கிறது. இதுதான் பாதை வேறுபாடு, சாய்வு கூடக்கூட இதுவும் கூடும். அந்தக் கூடுதல் தூரம் சரியாக ஓர் அலைநீளமாக அமைந்தால் முகடும் முகடும் சேர்ந்து அந்த நிறம் பளிச்சென்று தெரியும். இதுதான் முதல் வரிசை, இரண்டு அலைநீளமானால் இரண்டாம் வரிசை. சிவப்பின் அலை நீளமானது, ஒரு முழு அலைநீளக் கூடுதல் கிடைக்க அது அதிகம் சாய வேண்டும். ஊதாவுக்குக் குறைந்த சாய்வே போதும். நேர்த்திசையில் பாதை வேறுபாடு பூஜ்யம், எல்லா நிறமும் அங்கே ஒத்துப்போகிறது, அதனால்தான் நடுப்பிம்பம் பிரியாமல் விளக்கின் நிறத்திலேயே நின்றது.

உங்கள் கீற்றணி பெரும்பாலும் அங்குலத்துக்கு 15,000 கோடு கொண்டதாக இருக்கும். அப்படியானால் இடைவெளி சுமார் 1.69 மைக்ரோமீட்டர். பாதரசத்தின் பச்சை 546.1 நானோமீட்டர், அது 18.8 டிகிரியில் வர வேண்டும். ஊதா 404.7, கிட்டத்தட்ட 13.8 டிகிரி. உங்கள் அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிஎஸ்சி_முதலாண்டு

சார், பச்சை 18.7 டிகிரி வந்திருக்கிறது! ஒரு சந்தேகம். இரண்டே பிளவு இருந்தாலும் அதே திசையில்தானே முகடும் முகடும் சேரும்? அப்புறம் எதற்கு 15,000 கோடு?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

நல்ல கேள்வி. திசை மாறாது, ஆனால் இரண்டு பிளவு வைத்தால் மெல்லிய நிறக்கோடு கிடைக்காது, அகலமான மங்கல் பட்டைதான் கிடைக்கும். 100 பிளவு இருக்கிறது என்று வையுங்கள். சரியான திசையிலிருந்து ஒரு துளி விலகிப் பார்க்கிறீர்கள், அடுத்தடுத்த பிளவுகளுக்கு இடையே ஓர் அலைநீளத்தோடு அதன் நூறில் ஒரு பங்கு மட்டும் கூடுகிறது. இரண்டே பிளவு என்றால் இது தெரியவே தெரியாது. ஆனால் முதல் பிளவையும் 51ஆவதையும் பாருங்கள், நூறில் ஒரு பங்கு ஐம்பது முறை சேர்ந்து அரை அலைநீளம் ஆகிவிட்டது, ஒன்றின் முகட்டில் இன்னொன்றின் பள்ளம் விழுகிறது, இரண்டும் அழிந்தன. அதேபோல் 2ம் 52ம், 3ம் 53ம், எல்லாம் ஜோடி ஜோடியாக அழிந்து அங்கே இருட்டு. பிளவுகள் கூடக்கூட இந்த இருட்டு கோட்டை இன்னும் ஒட்டி வரும், கோடு மெலியும். சோடியத்தின் 589.0, 589.6 நானோமீட்டர் கோடுகளை முதல் வரிசையில் பிரித்துப் பார்க்கக் கீற்றணியின் சுமார் ஆயிரம் கோடுகள் மேல் ஒளி விழ வேண்டும்.

பழைய_அறிவியல்_பிரியர்

தம்பிக்கு வந்த அதே ஆச்சரியம் 1785இல் அமெரிக்காவில் டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற வானியலாளருக்கும் வந்தது. தெருவிளக்கைப் பட்டுக் கைக்குட்டை வழியாகப் பார்த்த பிரான்சிஸ் ஹாப்கின்சன், அப்போது தெரிந்த கோடுகளுக்கு அவரிடம் காரணம் கேட்டார். ரிட்டன்ஹவுஸ் திருகுமரைகளின் பள்ளங்களில் தலைமுடிகளை வரிசையாக இழுத்துக் கட்டி ஒரு கீற்றணியே செய்துவிட்டார். சிவப்பு அதிகமாகவும் நீலம் குறைவாகவும் விலகுவதைப் பார்த்து, ஒளிவிலகலுக்கு நேர்மாறாக இருக்கிறதே என்று அவரே எழுதியிருக்கிறார். 1821இல் ஜெர்மனியில் ஃபிரான்ஹோபர் மெல்லிய கம்பிகளில் கீற்றணி செய்து அலைநீளங்களை அளந்தார். தலைமுடியில் தொடங்கிய விஷயம் என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பாக இருக்கிறது.

வீட்டில் பழைய சிடி இருந்தால் லேபிள் பக்கம் லேசாகக் கீறி, செல்லோடேப் ஒட்டி உரியுங்கள், வெள்ளிப் படலம் ஏடு ஏடாக வந்துவிடும். மிஞ்சும் பிளாஸ்டிக்கில் தகவல் பதிந்த சுவடுகள் கீற்றணியின் கோடுகள் போல அப்படியே இருக்கும், இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். சிவப்பு லேசரை அதன் வழியே நேராகச் சுவரில் அடியுங்கள். கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ்சி_முதலாண்டு

செய்துவிட்டேன்! சுவர் 1 மீட்டர் தூரம், நடுப்புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி 43 செ.மீ. லேசரில் 650 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் இடைவெளி 1.65 மைக்ரோமீட்டர். வீட்டு ஸ்கேலில் அளந்தது! இன்னும் தள்ளி இரண்டாம் புள்ளியும் மங்கலாகத் தெரிந்தது. ஆனால் ஒரு டிவிடியில் லேசரை நேராக அடித்து, திரும்பி வரும் ஒளியைப் பார்த்தபோது பக்கத்துக்கு ஒரு புள்ளிதான், அதுவும் வெகுதூரம் தள்ளி. இரண்டாவதைக் காணவே இல்லை.

கதிர்_வேலூர்

டிவிடியில் சுவடுகள் 0.74 மைக்ரோமீட்டர் நெருக்கம் தம்பி. முதல் வரிசையே 61 டிகிரிக்குப் போய்விடும். இரண்டாம் வரிசைக்கு சைன் மதிப்பு 1.76 வர வேண்டும், சைன் 1ஐத் தாண்டாது. எவ்வளவு சாய்ந்தாலும் இரண்டு அலைநீளக் கூடுதல் கிடைக்காது, அதனால் அந்தப் புள்ளி கிடையவே கிடையாது. ஆசிரியர் சொன்ன திருத்தத்தையும் குறித்துக்கொண்டேன், நானும் இத்தனை நாள் ஒரு பிளவே பிரிக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.