கடலோரத்தில் நின்ற ஆல்டோவா, மதுரையில் ஓடிய வேகன் ஆரா?

கேள்வி: கீழக்கரைவாசி

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் பயன்படும்படி பழைய சிறிய கார் ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். கைக்கு எட்டும் விலையில் இரண்டு வண்டிகள் வந்துள்ளன. இரண்டுமே 2023 மாடல். ஒன்று, எங்கள் அடுத்த தெருவிலேயே நிற்கும் ஆல்டோ கே10. உரிமையாளர் துபாயில் இருப்பதால் 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மற்றொன்று, மதுரையில் 48,000 கிலோமீட்டர் ஓடிய வேகன் ஆர். எங்கள் தெருவில் எதிரே ஓர் ஆட்டோ வந்தாலே யாராவது பின்வாங்கியாக வேண்டும். மாதம் ஒருமுறை மதுரை மருத்துவமனைக்கும் செல்ல வேண்டும். வாப்பாவுக்கு முழங்கால் வலி. குறைவாக ஓடிய வண்டியே மேல் என்கிறார்கள் வீட்டில். அது சரிதானா?

மறுமொழி: மண்டபம் டிங்கரிங்

தம்பி, நம் கடற்கரையில் வண்டி எவ்வளவு ஓடியது என்பதைவிட எங்கே நின்றது என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஓடும் வண்டியாவது அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவப்படும். உப்புக்காற்றில் மாதக்கணக்கில் உறைபோட்டு நிறுத்திய வண்டியில் ஈரம் உறைக்குள்ளேயே தங்கிவிடும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிவதற்கான சிறு துளைகள் இருக்கும். மெல்லிய கம்பியை நுழைத்துப் பாருங்கள். மணல் அடைத்திருந்து, கம்பி நுனியில் செம்பழுப்புத் தூள் ஒட்டி வந்தால், கதவு உள்ளிருந்து அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஓட்டுநர் காலடி விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டையும், லிஃப்ட்டில் ஏற்றிச் சைலன்சர் இணைப்புகளையும் பிரேக் குழாய்களையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே பூசினால் அது உள்ளேயே வளரும். என் சொந்த வண்டியிலேயே அவசரத்தில் அப்படிப் பூசி, இரண்டு மழைக்காலத்தில் தரைத் தகட்டை வெட்டி ஒட்ட நேர்ந்தது.

மறுமொழி: தங்கச்சிமடம்

நான் வேகன் ஆர் ஓட்டுகிறேன். அதன் பெரிய நிறை இருக்கையின் உயரம். முழங்கால் வலி உள்ளவர் குனிந்து இறங்கி உட்காராமல் நேராகத் திரும்பி அமரலாம். என் மாமியார் துணையின்றி ஏறி இறங்குவதற்கு அதுதான் காரணம். சக்கர நாற்காலியை மடித்து வைக்க 341 லிட்டர் இடம் பின்னால் இருக்கிறது. ஆல்டோவில் 214 லிட்டர்தான். ஆனால் அதே உயரமே குறையும் ஆகிறது. தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்றும் வடக்கிலிருந்து வரும் வாடையும் பாம்பன் பாலத்தைக் குறுக்காக அடிக்கும். எதிரே வரும் லாரி ஒரு கணம் காற்றை மறைத்துவிட்டுக் கடந்தவுடன், வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவதை ஸ்டீயரிங்கிலேயே உணரலாம். பாலத்தின் மீது நான் 40-க்கு மேல் போவதில்லை. தெருவைப் பொறுத்தவரை ஆல்டோவே எளிது: அகலம் 1,490 மில்லிமீட்டர், வேகன் ஆர் 1,620. அந்த ஒரு சாண்கூட இல்லாத வேறுபாடு கண்ணாடியை மடக்காமல் போவதற்கும் மடக்கிப் போவதற்கும் போதும்.

மறுமொழி: பரமக்குடி சாலை

வேகன் ஆரும் 1.0 லிட்டர் எஞ்சின் வகை என்றால், இரண்டிலும் 998 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். பரமக்குடியிலிருந்து மதுரை வரை நான்கு வழி என்பதால் கவலையில்லை. இராமநாதபுரம்–பரமக்குடி இருவழிப் பகுதியில், நான்கு பேருடன் ஏசி போட்டுக்கொண்டு பேருந்தை முந்த வேண்டுமானால், கியரை மூன்றுக்கு இறக்கி, எதிரே நீண்ட வெளி தெரிந்த பிறகே வெளியே வர வேண்டும். பாதுகாப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2023 ஏப்ரலில் வெளியிட்ட முடிவில், பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கு ஆல்டோ கே10 இரண்டு நட்சத்திரமும் வேகன் ஆர் ஒன்றும் பெற்றன; குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுக்கும் பூஜ்யம். பின்னிருக்கையில் அமரும் பெற்றோரும் பெல்ட் போட்டே ஆக வேண்டும். பட்ஜெட் சற்று நீளுமானால் டாடா டியாகோவையும் பாருங்கள்; 2020-இல், அன்றைய விதிமுறைப்படி, பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. ஆனால் அது 1,677 மில்லிமீட்டர் அகலம். உங்கள் தெருவில் நுழையுமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

கீழக்கரைவாசி

காக்காமார்களுக்கு மிக்க நன்றி. இன்று காலை ஆல்டோவின் கதவில் கம்பியை விட்டுப் பார்த்தேன். இடப்பக்கப் பின்கதவில் துளை அடைத்திருந்தது, கம்பி நுனி செம்பழுப்பாகவே வந்தது. வாப்பாவை ஒருமுறை அதில் அமரவைத்தபோது, எழுவதற்குக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குச் சென்று வேகன் ஆரைப் பார்க்கிறேன்; அங்கும் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.